நிலத்தடி நீரில் கன உலோகம்: அறிக்கை எண் இடிக்கும்போது எங்கே தேடுவது

அறிக்கையில் ஆர்சனிக் 38 என்று வந்தால் நீர் கெட்டுவிட்டது, ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் நீர் நல்லது. பெரும்பாலோர் இப்படித்தான் படிக்கிறார்கள். இரண்டுமே அவசர முடிவு. பூமிக்குள் இருந்த நீர் அந்தக் காகிதத்துக்கு வந்து சேர்வதற்குள் பம்பு, குழாய், வடிகட்டி, புட்டி, அமிலம், கருவி என எல்லாவற்றையும் கடந்து வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் உலோகம் கூடலாம், குறையலாம். கூடினால் யாராவது பதறிப்போய் மறுபடி சோதிப்பார்கள். குறைந்தால் யாரும் கேட்பதில்லை, அந்த நீரைத் தொடர்ந்து குடிப்பார்கள். அதனால் பொய்யாகக் குறையும் எண்களுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கீழே வரும் உலோக அளவுகள், வேறாகச் சொல்லாவிட்டால், ஒரு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் உள்ளவை. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவுகள்: ஆர்சனிக் 10, ஈயம் 10, காட்மியம் 3, மொத்தக் குரோமியம் 50, கனிமப் பாதரசம் 6, நிக்கல் 70, யுரேனியம் 30, செம்பு 2000. உங்கள் நாட்டின் சட்ட வரம்பு வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால்

அறிக்கையோடு ஐந்து விவரங்கள் கையில் இருக்க வேண்டும்: அலகு, ஒவ்வோர் உலோகத்துக்கும் கண்டறியும் எல்லை (கருவியால் நம்பத்தக்க விதத்தில் பார்க்க முடிந்த மிகக் குறைந்த அளவு), மாதிரி வடிகட்டப்பட்டதா இல்லையா, அமிலம் எப்போது சேர்க்கப்பட்டது, வெற்று மாதிரியின் (கிணற்று நீருக்குப் பதில் தூய நீரை வைத்து அதே வழியில் சோதித்ததன்) முடிவு. கூடவே கிணற்றடியில் எழுதிய தாள்: பி.எச், கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன், ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம், கலங்கல். இவை இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு பிழை தேட முடியாது. மறுபடி மாதிரி எடுப்பதுதான் வழி.

அலகை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மில்லிகிராமும் மைக்ரோகிராமும் இடம் மாறினால் எண் ஆயிரம் மடங்கு பிசகும். நீர்த்துச் சோதித்த மாதிரிக்கு நீர்த்தல் மடங்கைப் பெருக்க மறந்தால் சரியாக 5, 10, 20 மடங்கு குறையும். ஒரே கிணற்றின் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் இப்படி முழு மடங்கில் வித்தியாசம் வந்தால், கிணற்றைப் பார்க்கும் முன் ஆய்வகத்தின் கணக்கைப் பாருங்கள்.

‘எல்லாமே கண்டறியப்படவில்லை’ என்று வருகிறது

கண்டறியும் எல்லை எவ்வளவு? சுடர் அணு உறிஞ்சல் கருவியில் நேரடியாக அளந்திருந்தால், ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் 10 என்ற அளவை அந்தக் கருவி நம்பத்தக்க விதத்தில் பார்க்காது. ‘50க்குக் கீழ்’ என்று ஓர் அறிக்கை சொன்னால் நீரில் 45 இருக்கலாம், அதாவது வரம்பைப் போல நாலரை மடங்கு. கண்டறியும் எல்லை வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்காவது கீழே இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு என்றால் நிம்மதி. அதற்கு கிராஃபைட் உலை, ஹைட்ரைடு முறை (உலோகத்தை வாயுவாக்கி அளப்பது), ஐசிபி-எம்எஸ் (அணுக்களை நிறை வாரியாக எண்ணும் கருவி) ஆகியவற்றில் உலோகத்துக்குப் பொருந்துவதைக் கேளுங்கள்.

இந்த இடங்களில் பூஜ்யம் போட்டுச் சராசரி எடுப்பது தவறு. எல்லையில் பாதியைப் போடுவதும் பெரிதாக மேல் இல்லை, எல்லை 20 என்றால் நீங்களே 10 என்ற ஆர்சனிக் அளவை உருவாக்குகிறீர்கள். ‘<20’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, அப்படிப்பட்ட தரவுக்கென்றே உள்ள புள்ளியியல் முறைகளால் கணக்கிடுங்கள்.

நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைக் காட்டி நீர் நல்லது என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். மொத்தக் கரைதிடம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உள்ள நீரில் 50 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மீட்டரின் முள் அதற்கு அசையவே அசையாது.

நீர் துருப்பிடித்த நிறத்துக்கு மாறுகிறது, ஆனால் ஆர்சனிக்கும் ஈயமும் குறைவு

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாத நீரில் இரும்பு கரைந்த நிலையில், நிறமற்று இருக்கும். வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு அது இரும்பு ஹைட்ராக்சைடாக மாறி, ஆரஞ்சு நிறத்தில் வண்டலாகும். அந்த வண்டல் ஆர்சனிக்கையும் ஈயத்தையும் தன் மேல் ஒட்டவைத்துக்கொண்டு புட்டியின் அடியில் படியும். மேலே தெளிந்த நீரை ஊற்றிச் சோதித்தால் ஆர்சனிக் குறைவாகத்தான் வரும். மாலையில் ஆய்வகத்தில் வடிகட்டினாலும் அதே கதி, வண்டலோடு ஆர்சனிக்கும் வடிதாளில் நின்றுவிடும்.

சரியான வரிசை இது. கிணற்றடியிலேயே, நீர் காற்றோடு கலக்கும் முன், குழாயோடு இணைத்த 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாகப் பிடியுங்கள். பிடித்த உடனே உலோகச் சோதனைத் தரத்து அடர் நைட்ரிக் அமிலம் சேருங்கள். லிட்டருக்கு 1.5 முதல் 2 மில்லிலிட்டர், 250 மில்லிலிட்டர் புட்டிக்கு அரை மில்லிலிட்டர் போதும். பைகார்பனேட் அதிகமுள்ள நீர் இந்த அமிலத்தைத் தின்றுவிடும். அதனால் ஒரு சொட்டு மாதிரியை பி.எச் தாளில் வைத்து 2க்குக் கீழே போயிருக்கிறதா பாருங்கள். தாளைப் புட்டிக்குள் முக்க வேண்டாம், தாளிலிருந்தே உலோகம் இறங்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த அமிலத்தைத் தொடாதீர்கள். அமிலம் முன்கூட்டியே ஊற்றி வந்த புட்டியை அலசவும் கூடாது, வழியவிடவும் கூடாது.

அமிலம் சேர்க்காமல் வந்துவிட்ட மாதிரியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. வடிகட்டாததாக இருந்தால் அதே புட்டியில் அமிலம் சேர்த்து, பி.எச் 2க்குக் கீழே குறைந்தது 24 மணி நேரம் வைத்திருந்து சோதித்தால், சுவரிலும் வண்டலிலும் ஒட்டியது பெரும்பாலும் திரும்பக் கரையும். அப்படிக் கிடைப்பது மொத்த அளவுதான். அதைக் கரைந்த அளவு என்று அறிக்கையில் எழுதக் கூடாது.

அழுகிய முட்டை வாடை வரும் நீரில் இன்னொரு சிக்கல் உண்டு. அமிலம் விட்டதும் ஆர்சனிக் மஞ்சள் சல்ஃபைடாக வீழ்படிந்து கணக்கிலிருந்து நழுவிவிடும். நச்சு வாயுவும் கிளம்பும், ஆகவே திறந்த வெளியில் மட்டும் அமிலம் சேருங்கள். இந்த மாதிரிகளை முன்னறிவிப்போடு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

வடிகட்டாத மாதிரியில் எல்லா உலோகமும் ஏறியிருக்கிறது

இரும்பு, அலுமினியம், மாங்கனீசு, ஈயம், குரோமியம் எல்லாம் சேர்ந்தே ஏறியிருந்தால் கலங்கலைப் பாருங்கள். களிமண் துகளில் இந்த உலோகங்கள் இயல்பாகவே உண்டு, அமிலம் அவற்றைக் கழற்றிவிடும். அலுமினியத்தைக் கிடை அச்சிலும் சந்தேக உலோகத்தை நிலை அச்சிலும் வைத்துப் புள்ளியிடுங்கள். எல்லாக் கிணறுகளும் ஒரே கோட்டில் விழுந்தால் நீங்கள் அளந்தது மண்ணை. ஒரு கிணறு மட்டும் கோட்டுக்கு மேலே தனியாக நின்றால் அந்தக் கிணற்றில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறது.

வாளி போன்ற பெய்லரை உள்ளே இறக்கி இழுப்பதுதான் பெரும்பாலும் கலக்குகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வேகத்தில் மெதுவாக இறைத்து, நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் கலங்கல் 10 என்டியுவுக்குக் (கலங்கலை அளக்கும் அலகு) கீழே வரும். புதிதாகத் தோண்டிய கண்காணிப்புக் கிணறு அப்படியும் தெளியவில்லை என்றால் அதைச் சரியாகக் கழுவித் தெளியவிடவில்லை என்று பொருள். வடிகட்டியைக் கொண்டு இந்தக் குறையை மூடாதீர்கள். 0.45 மைக்ரானைவிடச் சிறிய கூழ்மத் துகள்கள் தாண்டிப் போய் ‘கரைந்த’ கணக்கில் சேரும்.

குடிப்பவருக்கு எவ்வளவு போகிறது என்பது கேள்வியானால், வடிகட்டாத மாதிரியே பதில் சொல்லும். அவர் நீரை 0.45 மைக்ரானில் வடிகட்டிக் குடிப்பதில்லை.

வடிகட்டியதில் அதிகம், வடிகட்டாததில் குறைவு

பகுதி முழுதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. 10 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் அளவீட்டுத் தடுமாற்றம், விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் புட்டி மாறியிருக்கும், இல்லாவிட்டால் வடிகட்டி கசிந்திருக்கும். துத்தநாகம் மட்டும் இப்படி வந்தால் வடிகட்டியையும் ரப்பர் பாகங்களையும் கையுறைத் தூளையும் சந்தேகியுங்கள். அதே வடிகட்டி வழியே அயனி நீக்கிய நீரை விட்டு ஒரு வெற்று மாதிரி எடுத்தால் அன்றே தெரிந்துவிடும். வடிகட்டியில் முதலில் வரும் நீரை எப்போதும் கொட்டிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஈயம், செம்பு, துத்தநாகம் மூன்றும் ஒரே குழாயில் ஏறியிருக்கின்றன

பித்தளை வால்வு, ஈயப் பற்றவைப்பு, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். நிலத்தடியைக் குற்றம் சொல்லும் முன் மூன்று புட்டிகள் எடுங்கள். ஆறு மணி நேரமாவது யாரும் திறக்காத குழாயில் முதல் லிட்டர் ஒன்று, சில நிமிடம் ஓடவிட்ட பின் ஒன்று, கிணற்றின் வாயிலேயே ஒன்று. முதலாவதில் மட்டும் ஏற்றம் என்றால் உள்குழாய்தான் காரணம். மூன்றிலும் ஒரே அளவு என்றால்தான் நீரைப் பற்றிப் பேசலாம். குரோமியமும் நிக்கலும் ஜோடியாக ஏறினால் துருவேறா எஃகுப் பாகம் அரிக்கப்படுகிறதா பாருங்கள். கிணற்று நீரின் பி.எச் 10ஐத் தாண்டியிருந்தால் கிணற்றுச் சுவராக இறக்கிய கேசிங் குழாயைச் சுற்றி ஊற்றிய சிமெண்டுப் பால் உள்ளே கசிகிறது. சிமெண்டில் கரையும் குரோமியம் உண்டு, அந்தக் கிணற்றின் குரோமிய எண்ணை நம்ப வேண்டாம்.

இரண்டு முறை எடுத்தால் இரண்டு எண்

கேசிங்குக்குள் தேங்கிய நீர் நிலத்தடி நீர் அல்ல. 100 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்கு 7.85 லிட்டர், 150 மில்லிமீட்டர் குழாயில் 17.7 லிட்டர் நிற்கும். 20 மீட்டர் நீர் நிற்கும் 100 மில்லிமீட்டர் கிணற்றில் ஒரு கொள்ளளவு 157 லிட்டர், வழக்கமான மூன்று கொள்ளளவு 471 லிட்டர். ஆனால் லிட்டர் கணக்கைவிட நிலைபெற்றதா என்பதே முக்கியம். மூன்று முதல் ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்த மூன்று அளவீடுகளில் பி.எச் 0.1க்குள்ளும், கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும், மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட்டுக்குள்ளும், ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குள்ளும் நின்றால் பிடிக்கலாம்.

அப்படியும் எண்கள் ஒத்துவரவில்லையா? ஒரே நேரத்தில் பிடித்த இரட்டை மாதிரிகளைப் பாருங்கள். இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் சராசரியால் வகுத்தால் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எண்கள் கண்டறியும் எல்லையை ஒட்டி இருந்தால் இந்த விதி பொருந்தாது. இரட்டைகள் ஒத்துப்போய், மாதங்களுக்கு இடையில் மட்டும் எண் மாறினால், மாறுவது நீர்தான். நீர்மட்டம் ஏறி இறங்கும்போது சல்ஃபைடு கனிமங்களுக்குக் காற்றுப் பட்டு உலோகம் விடுபடும். ஒரு பருவத்து அளவீட்டை வைத்து ஆண்டுக்கு முடிவு சொல்லக் கூடாது.

உப்பு நீரில் ஆர்சனிக் அதிகம்

ஐசிபி-எம்எஸ் கருவி ஆர்சனிக்கை நிறை 75இல் எண்ணுகிறது. கருவியை ஓட்டும் ஆர்கானின் நிறை 40, நீரில் உள்ள குளோரினின் நிறை 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் 75. குளோரைடு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் உள்ள நீரில் இல்லாத ஆர்சனிக் இப்படித்தான் பிறக்கிறது. ஆர்சனிக்கையும் குளோரைடையும் எதிரெதிரே வைத்துப் புள்ளியிட்டால் நேர்கோடு விழும். இப்படி ஒட்டிய போலித் துகள்களை வடித்துவிடும் ஹீலியம் மோதல் முறையில் அளந்தார்களா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். ஆக்சிஜன் முறை என்றால் ஆர்சனிக்கோடு ஆக்சிஜனைச் (நிறை 16) சேர்த்து 91க்கு நகர்த்தி எண்ணுவார்கள். சந்தேகம் தீராவிட்டால் ஹைட்ரைடு முறையில் உறுதிசெய்யலாம்.

இதே வகை ஏமாற்று மற்ற உலோகங்களிலும் உண்டு. ஆர்கானோடு கார்பன் சேர்ந்து குரோமியத்தின் 52இல் நிற்கும். மாலிப்டினம் ஆக்சைடு காட்மியத்தின் 111இல் வந்து உட்காரும், வெள்ளீயம் 114இல். காட்மியத்தின் 111, 114 இரண்டு எண்ணிக்கையும் ஒரே அளவைச் சொல்கிறதா என்று கேட்பது எளிய சோதனை. மொத்தக் கரைதிடம் 2000 மில்லிகிராமைத் தாண்டிய நீரை நீர்க்காமல் செலுத்தினால் கருவியின் உணர்திறன் விழுந்து எண்கள் குறையும். உள் தர நியமத்தின் (ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் சேர்க்கும் தனிமத்தின்) மீட்பைப் பார்த்தால் அது தெரியும்.

கள உபகரணம் ஒன்று சொல்கிறது, ஆய்வகம் வேறு சொல்கிறது

ஆர்சனிக் கள உபகரணத்தில் துத்தநாகத் தூளும் அமிலமும் சேர்ந்து ஆர்சைன் வாயுவை உண்டாக்கும். அது மேலே உள்ள வெள்ளைப் பாதரச புரோமைடு தாளை மஞ்சளாக்கும், அளவு கூடினால் பழுப்பாக்கும். நீரில் சல்ஃபைடு இருந்தால் அதுவே தாளைக் கருக்கும், ஆகவே சல்ஃபைடு நீக்கும் படியைத் தாண்டக் கூடாது. மூடி இறுகாவிட்டால் வாயு கசிந்து எண் குறையும், நேரத்துக்கு முன் தாளை எடுத்தாலும் குறையும். நிறத்தை நிழலில், உடனே ஒப்பிடுங்கள். 10க்கும் 50க்கும் இடையில் கண் தடுமாறும். ஆகவே உபகரணத்தைக் கிணறுகளைப் பிரித்தறியப் பயன்படுத்தி, ஐயமுள்ளவற்றையும் ‘நல்லது’ என்று வந்தவற்றில் ஒரு பங்கையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆர்சைன் கொடிய நச்சு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பயன்படுத்திய தாளில் பாதரசம் இருக்கிறது, குப்பையில் போட வேண்டாம்.

ஆறுவலுக் குரோமியம் இல்லை என்கிறார்கள், மொத்தக் குரோமியம் 200

உலோகச் சோதனைக்கென அமிலம் சேர்த்த புட்டியிலிருந்தே ஆறுவலுக் குரோமியத்தையும் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) அளந்திருப்பார்கள். அமிலத்தில், கரிமப் பொருளோ இரும்போ உடனிருந்தால், அது மூவலு நிலைக்கு ஒடுங்கிவிடும். இதற்குத் தனிப் புட்டி வேண்டும். வடிகட்டி, அமிலம் சேர்க்காமல், 6 டிகிரிக்குக் கீழே வைத்து, 24 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். மாறாக, ஆறுவலு எண் மொத்தத்தைவிட அதிகம் என்றால் ஆறுவலுக் குரோமியத்தை அளக்கச் சேர்க்கும் டைஃபினைல்கார்பசைடு வினைப்பொருளின் நிறமாற்றத்தை நீரின் சொந்த நிறமோ கலங்கலோ கூட்டியிருக்கிறது. வினைப்பொருள் சேர்க்காத அதே மாதிரியை ஒப்பாக வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

பாதரசத்துக்கும் தனிப் புட்டிதான். அது பிளாஸ்டிக் சுவருக்குள்ளும் காற்றிலும் தப்பிவிடும். கண்ணாடி அல்லது ஃபுளூரோபாலிமர் புட்டியில் பிடித்து 28 நாளுக்குள் அளக்க வேண்டும். மற்ற உலோகங்கள் அமிலத்தில் ஆறு மாதம் தாங்கும்.

வேதியியல் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை

கரைந்த இரும்பு பல மில்லிகிராம் உள்ள நீரில் ஆறுவலுக் குரோமியமும் இருக்கிறது என்றால் ஒன்று பொய். இரும்பு அதை உடனே ஒடுக்கிவிடும். நைட்ரேட்டும் கரைந்த இரும்பும் சேர்ந்தே அதிகம் என்றால், இரண்டு ஆழத்து நீர் ஒரே கிணற்றில் கலக்கிறது, இல்லாவிட்டால் ‘கரைந்த’ இரும்பு உண்மையில் கூழ்மம். நேர்மின், எதிர்மின் அயனிகளின் கூட்டு 5 சதவீதத்துக்குள் சமமாகாவிட்டால் முதன்மை அயனிகளின் எண்களே தவறு, உலோகத்துக்குப் போகும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

குறியீடு ‘பாதுகாப்பு’ என்கிறது, ஓர் உலோகம் வரம்பைத் தாண்டுகிறது

பல உலோகங்களை ஒரே எண்ணாகச் சுருக்கும் கன உலோக மாசுக் குறியீட்டில் 100க்குக் கீழே வந்தால் நல்லது என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஈயம் 30, காட்மியம் 0.3. விரும்பத்தக்க அளவைப் பூஜ்யமாக வைத்தால், துணைக்குறியீடு என்பது வரம்பில் எத்தனை சதவீதம் என்பதுதான்: ஈயத்துக்கு 300, காட்மியத்துக்கு 10. எடை வரம்பின் தலைகீழ், ஆகவே ஈயத்துக்கு 0.1, காட்மியத்துக்கு 0.333. எடையிட்ட சராசரி 77. ஈயம் வரம்பைப் போல மூன்று மடங்கு உள்ள நீரைக் குறியீடு தேர்ச்சி செய்துவிட்டது!

இன்னொரு ஓட்டை, சூத்திரத்தில் அளந்த அளவுக்கும் விரும்பத்தக்க அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டல், கழித்தல் குறி பார்க்காமல் எடுப்பது. துத்தநாகத்துக்கு விரும்பத்தக்க அளவு 5, உச்ச அளவு 15 மில்லிகிராம் என்று வைத்தால், 0.01 மில்லிகிராம் உள்ள தூய நீருக்கு 50 என்ற துணைக்குறியீடு வரும், 5 உள்ள நீருக்கு 0 வரும். குறியீடு கிணறுகளை வரிசைப்படுத்த மட்டும் உதவும். குடிக்கலாமா என்பதற்கு ஒவ்வோர் உலோகத்தையும் அதன் வரம்போடு தனித்தனியாக ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரி, எண் உண்மைதான். எங்கிருந்து வந்தது?

ஒரே கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளிலாவது நீர்மட்டத்தை ஒரே மட்டக்குறியிலிருந்து அளந்தால்தான் நீர் ஓடும் திசை தெரியும். மேலோட்டத்துக் கிணற்றிலும் (நீர் ஓடிவரும் பக்கத்தில் உள்ள கிணறு) அதே அளவு என்றால் பாறையோ மேலே இன்னொரு மூலமோ காரணம். தாழ்ந்த பி.எச்சும் சல்ஃபேட்டும் சேர்ந்த காட்மியம், துத்தநாகம், செம்பு ஆகியவை சுரங்கக் கழிவையோ அமிலக் கழிவையோ சுட்டும். ஆக்சிஜனும் காரத்தன்மையும் உள்ள நீரில் ஆறுவலுக் குரோமியம் நெடுந்தூரம் ஓடும்.

ஆர்சனிக்கில் அவசரப்பட்டு ‘இயற்கை’ என்று முத்திரை குத்தாதீர்கள். இரும்பும் பைகார்பனேட்டும் அதிகம், சல்ஃபேட் குறைவு என்றால் மண்ணின் இரும்பு ஆக்சைடு கரைந்து ஆர்சனிக் விடுபடுகிறது. ஆனால் ஆக்சிஜனைத் தின்று அந்தக் கரைவைத் தொடங்கிவைத்தது குப்பைமேட்டுக் கசிவாகவோ எரிபொருள் கசிவாகவோ இருக்கலாம். அங்கே ஆர்சனிக் மண்ணுடையது, அதை அவிழ்த்துவிட்டது மனிதர். கரிமக் கார்பனையும் அம்மோனியத்தையும் சேர்த்து அளந்து, மேலோட்டத்துக் கிணற்றோடு ஒப்பிடுங்கள். சுத்திகரிப்பு திட்டமிடுவதாக இருந்தால் மூவலு, ஐவலு ஆர்சனிக்கையும் பிரித்தளக்க வேண்டும். மூவலு மின்னூட்டமற்றது, முதலில் ஆக்சிஜனேற்றம் செய்யாவிட்டால் பெரும்பாலான ஊடகங்களில் நழுவிவிடும்.

மறுசோதனை முடிவு வரும் வரை அந்தக் கிணற்றைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்த வேண்டாம் என்று அன்றே சொல்லிவிடுங்கள். கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். ஆகாது. நீர் ஆவியாகி, உலோகம் பாத்திரத்திலேயே தங்கி, லிட்டருக்கான அளவு கூடும்.